கை உள்ளே இருக்கையில்

…அம்மாவாக இருந்தால் இந்நேரம் கையை விட்டிருப்பாள், இப்படித் தொழுவில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு பசுவின் வயிற்றையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள், என்று மாரித்தாய் நினைத்தாள், காலையிலிருந்து இதையேதான் நினைக்கிறாள், நினைப்புக்கென்ன, அது பாட்டுக்கு ஓடும், கைதான் அசைய மாட்டேன் என்கிறது. மயிலை படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. வால் பக்கம் ஒற்றைக் குளம்பு வெளியே தெரிந்தது, மஞ்சளாக, ஈரமாக… ஒன்றுதான்… இரண்டு வரவேண்டும், இரண்டு முன்னங்காலும் அதன்மேல் மூக்கும், அதுதான் ஒழுங்கான வரவு, அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பாள், அப்போது காதில் வாங்கினால்தானே. மாடு மேய்க்கிற சொரிமுத்து அண்ணாச்சி காலையில் வந்து பார்த்தார், "ஒரு காலு உள்ள மடங்கிக் கெடக்கு தாயி, அதை நிமித்தி எடுத்தாத்தான் கன்னு வெளிய வரும், எங் கையி இந்தா பாரு, ஒலக்கை கணக்கா, உள்ள போகாது, உனக்கு உங்க அம்மை கைல்லா" என்று சொல்லிவிட்டு மற்ற மாடுகளைப் பத்திக்கொண்டு போய்விட்டார். சொல்லுவதற்கு என்ன, வாய்க்கு எண்ணெய் போடவா வேண்டும்? தென்காசி மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினால் கம்பவுண்டர் சுரண்டைச் சந்தைக்குப் போயிருக்கிறாராம். வீட்டுக்காரர் சுந்தரபாண்டியோ சிவகிரியில் போலீஸ் வேலை, அங்கே ஏதோ காங்கிரஸ் கூட்டம், பந்தோபஸ்து, அவர் இருந்தாலும் இங்கே என்ன செய்திருப்பார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். வெளியே சாரல் நிற்காமல் பெய்தது, மழை என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது, குற்றாலத்து மலையிலிருந்து மேலகரம் வரைக்கும் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து தொழு வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது.

கை… அம்மாவின் சின்னக் கை. இந்தக் கையை வைத்துக்கொண்டு வளையல்காரர் ஹபீபுல்லா சாய்பு பட்ட பாடு கொஞ்சமா, தென்காசியிலிருந்து பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர் அம்மாவுக்கு மட்டும் அடித்தட்டைத் திறப்பார், சின்னப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற அளவு, "பேரன் பேத்தி எடுக்குத வயசுல பாப்பா வளையலா ஆச்சி" என்று கேலி பண்ணுவார், அம்மா சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாள். மறுவாரம் பார்த்தால் கை மொட்டையாக இருக்கும். எந்தத் தொழு வாசலில் கழற்றி வைத்தாளோ, எந்த வீட்டு மாடக்குழியில் மறந்தாளோ, "போகுது விடு, உயிரு வந்துச்சுல்லா" என்பாள். முப்பிடாதியம்மாளைக் கூப்பிடு, என்று ஒரு சொல் போதும், சோற்றில் கை வைத்திருந்தாலும் அம்மா எழுந்துவிடுவாள், பெண் பிள்ளைக்குப் பேறுகாலமா, பசு கன்று போடுகிறதா, ஆடு தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறதா, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். செங்கோட்டைக் கணவாய்க்குப் பாரம் ஏற்றிப்போகிற வண்டிக்காரர்கள் மேலகரத்தைத் தாண்டும்போது மாட்டை வேகமாக ஓட்டுவார்கள், எதற்கு? முப்பிடாதியம்மாள் கண்ணில் மாட்டின் கழுத்துப் புண் பட்டுவிடக்கூடாது என்றுதான். பட்டுவிட்டால் தீர்ந்தது. நடுரோட்டில் குறுக்கே நின்றுகொண்டு, "ஏலே, எறங்குலே கீழ, நொகத்தடியை உன் கழுத்துல வச்சு நாலு மைலு இழு பாப்பம்" என்று பிடித்துக்கொள்வாள், மாட்டை அவிழ்க்க வைத்து, வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசி, திட்டின வாயோடு வண்டிக்காரனுக்கும் ஒரு கும்பா கஞ்சி ஊற்றித்தான் அனுப்புவாள். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரிக்கும். மாரித்தாயும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, எனக்கு இன்றைக்குத் தலை பின்னிவிட ஆள் இல்லையே என்று சீப்பை எடுத்துக்கொண்டு தானாகவே கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொள்வாள். அது யாருக்குத் தெரியும்?

மயிலை முக்கியது. குளம்பு ஒரு விரற்கடை வெளியே வந்தது, முக்கல் நின்றதும் உள்ளே போய்விட்டது. இதோ, இதோ என்று எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள். இதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? போன ஐப்பசியில் அம்மா கண்ணை மூடினபோது இந்தப் பசு கிடாரியாக இதே முளையில் நின்றது, சினை பிடித்திருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாத நேரம், காய்ச்சலில் வாய் குழறிக்கொண்டிருந்தவள் "மயிலைக்குத் தலையீத்து… பாத்துக்கோ" என்றாள், அதுதான் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது. மகளே, பேத்தி வடிவைப் பார்த்துக்கொள், உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு சொல் கிடையாது. மயிலைக்குத் தலையீத்து! சிவகிரியில் குடியிருந்த வீட்டை விட்டுவிட்டு, நாலு வயது வடிவைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்கே வந்து உட்கார்ந்தது இந்த ஒரு சொல்லுக்காகத்தானே, வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதையும் பொறுத்துக்கொண்டு… அப்படியென்றால் அம்மா மேல் கோபம் என்பது சும்மாவா? இல்லை, கோபம் சும்மா இல்லை. பிரியமும் சும்மா இல்லை. இரண்டும் ஒரே சாக்கில் கிடந்து உருளுகிறது, எதை எடுக்கப் போனாலும் மற்றது கையில் வருகிறது.

வாசலில் நிழல் ஆடியது. பக்கத்து வீட்டுப் பிச்சம்மா மதினி. ஓலைக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், மாரித்தாய் "என்ன மதினி" என்றாள், "ஒண்ணுமில்ல, ஆச்சான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். இதோடு எத்தனை தடவை, உச்சிப் பொழுதிலிருந்து வருவதும் போவதுமாக, இருந்தால் உள்ளே வந்து ஒரு கை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும், இது என்ன, வேடிக்கையா? பிள்ளையை மதினி வீட்டில்தான் விட்டிருந்தாள், வடிவு அழுகிறாளோ, அழுதால் சொல்ல வேண்டியதுதானே. அம்மா இருந்தால் மதினி இப்படி வாசலில் நிற்கமாட்டாள், அத்தை அத்தை என்று அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றினவள், கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் மாமியார் போட்ட போட்டில் கிணற்றடியில் நின்று அழுதுகொண்டிருந்தவளை அம்மாதான் கூட்டிவந்து சோறு போட்டாள். இப்படி எத்தனை பேர். குற்றாலத்தில் குளித்தால் சித்தம் தெளியும் என்று எங்கெங்கிருந்தோ பிராந்து பிடித்தவர்களைக் கூட்டிவருவார்கள், அருவியில் நாலு நாள் நிறுத்துவார்கள், தெளியாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதில் ஒருத்தியை அம்மா ஒரு சீசன் முழுக்க வீட்டில் வைத்திருந்தாள். பேர் தெரியாது, ஊர் தெரியாது, இரவில் எழுந்து உட்கார்ந்து சிரிப்பாள். மாரித்தாய் பயந்து அப்பா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள், அம்மா அந்தப் பெண்ணின் பக்கத்தில் படுத்திருப்பாள். அம்மா என்கிற ஒரு ஆளை ஊர் பங்கு போட்டுக்கொண்டது, மிச்சம் இருந்தால் மகளுக்கு. மிச்சமும் இனிப்பாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை, ராத்திரி வந்து படுத்ததும் சாணியும் விளக்கெண்ணெயும் மணக்கிற அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தின் அடியில் வைத்துக்கொண்டால் அன்றைக்குள்ள கோபமெல்லாம் எங்கே போகுமோ.

ஆனால் அந்த ஒரு நாளின் கோபம் மட்டும் போகவில்லை. அது இதே வீடு, அந்த உள்ளறை, இதே ஆனி மாதச் சாரல். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வந்திருந்தாள், நாள் இன்னும் இருந்தது, அதனால்தான் அம்மா துணிந்து குற்றாலத்துக்குப் போனாள், அங்கே ஒரு சத்திரத்துப் பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று விடியுமுன்னே ஆள் வந்தது. "மத்தியானத்துக்குள்ள வந்துருதேன் மக்கா" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் வலி. முதலில் முதுகில் ஒரு பிடிப்பு மாதிரி… பிறகு இடுப்பு… பிறகு எங்கே என்றே தெரியவில்லை, எங்கும். தெருப் பெண்கள் வந்தார்கள், கிழவிகள் வந்தார்கள், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று யாரோ மெல்லச் சொன்னது அவள் காதில் விழுந்தது, முப்பிடாதி வந்தால் திருப்பிவிடுவாள், ஓடு, ஓடு என்றார்கள், பிச்சம்மா மதினி ஓடினாள், குற்றாலம் என்ன சீமையிலா இருக்கிறது, போய்ச் சொல்லிக் கூட்டி வருவதற்கு? மாரித்தாய் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அம்மா வருவாள், அம்மா வந்துகொண்டிருக்கிறாள், இதோ வாய்க்கால் பாலத்தைத் தாண்டியிருப்பாள், இதோ புளியமரத்துக்குப் பக்கத்தில்… எத்தனை தடவை மனசுக்குள் அம்மாவைக் குற்றாலத்திலிருந்து மேலகரத்துக்கு நடக்க வைத்தாள், நடக்க நடக்க வந்து சேரவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு, எல்லாம் முடிந்த பிறகு, ஈரச் சேலையோடு வாசலில் வந்து நின்றாள், பின்னாலேயே மதினியும். ஆண் பிள்ளை, அழவே இல்லை. யாரோ ஒரு கிழவி, என்ன பேசுவது என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைக் கேட்டாள், "சத்திரத்துப் பசு நல்லபடியா ஈன்டுட்டா?" அம்மா சொன்னாள், "ஈன்டுட்டு." அந்த ஒரு சொல்… பெற்ற மகள் இங்கே கிடக்கிறாள், ஈன்டுட்டு என்கிறாள். வலது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள், பிள்ளையை வாங்கக்கூட அந்தக் கையை நீட்டவில்லை, இடது கையால் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள், மாரித்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. ஏன் வரவில்லை என்று இவள் கேட்கவில்லை, இதனால் வரவில்லை என்று அவளும் சொல்லவில்லை. கேட்காமலே மாரித்தாய்க்குத் தெரியுமே: மதினி போய்ச் சொன்னாள், அம்மா கேட்டாள், பசுவா மகளா என்று பார்த்தாள், பசுவை விட்டு வர மனசு வரவில்லை. வேறு என்ன இருக்க முடியும்? மூன்று வருஷம் கழித்து வடிவு வயிற்றில் இருந்தபோது அம்மா ஒரு மாதம் வீட்டைவிட்டு இறங்கவில்லை, யார் வந்து கூப்பிட்டாலும் "நான் எங்கேயும் வாரதுக்கில்ல" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள், ஒரு எருமை செத்தே போனது, அந்த வீட்டுக்காரன் தெருவில் நின்று மண்ணை வாரி எறிந்தான். வடிவை வெளியே எடுத்ததும் அம்மாதான், அந்தச் சின்னக் கைகள்தான். எடுத்து வயிற்றின்மேல் கிடத்திவிட்டு, அழுதாள். பார்த்தாயா, குற்ற நெஞ்சு குறுகுறுக்கிறது என்று மாரித்தாய் நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைத்தாள், பாவி… அம்மா செத்த அன்று வண்டிக்காரர்கள் ரோட்டில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்து நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்கள், தெருநாய்கள் சுடுகாடு வரைக்கும் வந்தன, ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். மாரித்தாயும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழும்போதே உள்ளே ஒரு மூலையில், நீ எனக்குப் பதில் சொல்லாமல் போகிறாயே, போகிறாயே என்று ஒன்று முனகிக்கொண்டிருந்தது.

மயிலை கத்தியது. இது வேறு மாதிரிக் கத்தல், தொண்டையிலிருந்து வரவில்லை, எங்கேயோ அடியிலிருந்து வந்தது. போதும். செத்தால் என் கையில் சாகட்டும், நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்து சாக வேண்டாம். எழுந்தாள், வளையல்களைக் கழற்றி மாடக்குழியில் வைத்தாள், விளக்கெண்ணெய்ச் சிரட்டையை எடுத்து முழங்கைக்கு மேலே வரைக்கும் வழிய வழியப் பூசினாள். அம்மா செய்கிற மற்றதெல்லாம் அவளாக நினைக்காமலே கைக்கு வந்தது, கொண்டையை அவிழ்த்துவிட்டாள், தொழுவின் படலை முழுக்கத் திறந்து வைத்தாள், பசுவின் கழுத்துக் கயிற்றின் முடிச்சைத் தளர்த்தினாள், கட்டுண்டு எதுவும் இருக்கக்கூடாது என்பாள் அம்மா. சத்தம் கூடாது, பிறக்கப்போவது காளையா பசுவா என்று கேட்கக்கூடாது, ஒரு பேறுகாலம் நடக்கிற இடத்தில் இன்னொரு பேறுகாலத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது, கை உள்ளே இருக்கும்போது மனசு இரண்டுபட்டால் இரண்டு உயிரும் போகும்… தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் இந்தச் சட்டமெல்லாம் மனப்பாடம், மீறினவளை அம்மா தொழுவைவிட்டே துரத்திவிடுவாள், சாதுவுக்கு அப்போது மட்டும் எங்கிருந்துதான் அந்தக் கோபம் வருமோ. மாரித்தாய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஐந்து விரலையும் குவித்தாள். முக்கல் நிற்கட்டும்… நிற்கட்டும்… இப்போது.

சூடு. இவ்வளவு சூடாக இருக்கும் என்று அம்மா சொன்னதே இல்லை. மணிக்கட்டு போனது, முழங்கை போனது, விரல் நுனியில் ஏதோ வழுவழுவென்று, இது என்ன, மூக்கு, இது வாய், சின்ன நாக்கு… நாக்கு அவள் விரலைச் சப்பியது. உயிர் இருக்கிறது! அம்மா, உயிர் இருக்கிறது, என்று சத்தமில்லாமல் சொன்னாள். கழுத்தை ஒட்டிக் கீழே போனால் மார்பு, பக்கவாட்டில் மடங்கின முட்டி, இதோ, இதுதான். கன்றை உள்ளே தள்ள வேண்டும், வெளியே வரத் துடிக்கிறதை உள்ளே தள்ளுவதா என்று ஒரு காலத்தில் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், "இடம் விட்டாத்தான்ட்டி திரும்பும்" என்றாள். தள்ளினாள். முட்டியைப் பிடித்து மேலே தூக்கிக் குளம்பைத் தேடினாள், அது கருப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்ள வேண்டும், பொத்தினாள், சரியாக அந்த நேரம் மயிலை முக்கியது. கை மாட்டிக்கொண்டது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் அவள் கையை வைத்து நெரிக்கிறது, இழுத்தால் வராது, தள்ளினால் போகாது, விரல்கள் இருக்கின்றனவா இல்லையா, தோளிலிருந்து கை அறுந்து இந்தப் பசுவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டதா… குளம்பை விட்டால் கை வரலாம். விட்டால் கிழித்துவிடும். விடக்கூடாது, விடக்கூடாது… வாசலில் நிழல். மதினிதான். கூப்பிடலாம், மதினி வாங்க, கயிற்றைப் பிடியுங்க என்று. மதினி வாயைத் திறந்தாள், மாரித்தாய் கை உள்ளே இருப்பதைப் பார்த்தாள், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அப்படியே படலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சேலை நுனி மட்டும் தெரிந்தது.

அந்த நெரிப்பில் கிடக்கும்போதுதான் அது தோன்றியது. அம்மா அன்றைக்கு வலது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாளே… மறைத்துக்கொண்டாளா? தூக்க முடிந்திருக்குமா? இந்த மாதிரி ஒரு கையை வைத்துக்கொண்டு யாரால் ஒரு பிள்ளையை வாங்க முடியும்? மதினி போய்ச் சொன்ன நேரத்தில் அம்மாவும் இப்படித்தான் இருந்தாளோ, முழங்கை வரைக்கும் உள்ளே, உள்ளங்கைக்குள் ஒரு குளம்பு, மகளுக்கு வலி என்று காதில் விழுகிறது, விட்டுவிட்டு வந்தால் தாயும் கன்றும் போகும், விடாவிட்டால்… கேட்டுக்கொண்டே கையை உள்ளே வைத்திருந்தாளா? அந்த நேரம் அம்மாவின் முகம் எப்படி இருந்திருக்கும்? இவ்வளவு வருஷத்தில் ஒரு தடவையாவது அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேனா, என் வலியைத்தானே நினைத்தேன், என்று மாரித்தாய்க்கு அழுகை வந்தது, பசுவின் விலாவில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். முக்கல் நின்றது. கை தளர்ந்தது. குளம்பை இழுத்தாள், வளைந்து, திரும்பி, வந்தது, வெளிச்சத்துக்கு வந்தது, இரண்டு குளம்பு, இரண்டுக்கும் மேலே மூக்கு, பிறகு அவள் ஒன்றும் செய்யவில்லை, அடுத்த முக்கலுக்கு மயிலையே தள்ளியது, இவள் இடது கையால் பிடித்து இழுத்ததோடு சரி, கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூக்கைத் துடைத்தாள், ஒரு வைக்கோல் தாளை எடுத்து மூக்குக்குள் விட்டுக் கிண்டினாள், தும்மியது. சவத்துப்பய பிள்ளை, என்ன பாடு படுத்திவிட்டாய் என்று சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். மயிலை திரும்பி நக்க ஆரம்பித்தது. வலது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, யாருடைய கையோ மாதிரி.

படலுக்குப் பின்னாலிருந்து பிச்சம்மா மதினி ஓடிவந்தாள். வந்தவள் கன்றைப் பார்க்கவில்லை. "மாரி, எந்திட்டி, எந்தி, கீழத்தெரு முருகம்மாளுக்கு வலி கண்டிருக்கு, பிள்ளை எறங்க மாட்டேங்கு, மருத்துவச்சிக் கெழவிக்குக் கண்ணும் தெரியல, உனக்கு அத்தை கைன்னு உன்னைக் கூட்டியாரச் சொல்லுதாவ" என்று மூச்சு வாங்கினாள். "எப்ப?" என்றாள். "உச்சிப்பொழுதுலயே ஆளு வந்துட்டு." உச்சிப்பொழுதிலேயா? விளக்கு வைக்கிற நேரம் ஆகப்போகிறதே… "அப்பருந்து வந்து வந்து நின்னீயளே மதினி, அப்பமே சொல்ல வேண்டியதுதானே?" மதினி அவளை விசித்திரமாகப் பார்த்தாள், இது என்ன கேள்வி என்பது மாதிரி. "எப்படிட்டி சொல்ல? உள்ள ஒரு பேறு நடக்கையில இன்னொண்ணைச் சொல்லலாமா? நீ கையை வேற உள்ள விட்டிருக்க. உங்க அம்மை சொன்னதுதான? அத்தை சொல்லை நான் எந்தக் காலத்துல மீறிருக்கேன்? அன்னைக்குங்கூட…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். மதினியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை மாரித்தாய் பார்த்தாள்.

போக வேண்டும், உடனே போக வேண்டும், முருகம்மாள் அங்கே கிடக்கிறாள். மேய்ச்சல் முடிந்து சொரிமுத்து அண்ணாச்சி மாடுகளோடு தெருவில் திரும்பினார், "அண்ணாச்சி, இளங்கொடி விழுத வரைக்கும் இங்கனயே இருங்க, மயிலை தின்னுறாம பாத்துக்கோங்க, விழுந்ததும் வைக்கலைச் சுத்தி ஆலமரத்துல கட்டிருங்க" என்று வாய் தானாகச் சொன்னது, கால் தானாக நடந்தது. மதினி முன்னால் போனாள், குடையை இவள் பக்கம் நீட்டினாள், இவள் வாங்கவில்லை. அன்றைக்குங்கூட… அன்றைக்கும் மதினி ஓடித்தான் போயிருக்கிறாள். ஓடிப்போய்ச் சத்திரத்துத் தொழு வாசலில் நின்றிருக்கிறாள். அம்மா கை உள்ளே. பேறு நடக்கிற இடத்தில் இன்னொரு பேறைச் சொல்லக்கூடாது. எவ்வளவு நேரம் நின்றாளோ, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, கல்யாணமாகி வந்த புதிது, அத்தை சொல்லே வேதம் என்று இருந்த சின்னப் பெண், அழுதுகொண்டுதான் நின்றிருப்பாள், அம்மா போட்ட சட்டம் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றது. கன்று விழுந்த பிறகு சொல்லியிருக்கிறாள். அம்மா ஓடி வந்திருக்கிறாள். பசுவா மகளா என்று அம்மா பார்க்கவே இல்லை… பார்க்க யாரும் விடவில்லை. ஐயோ, "ஈன்டுட்டு" என்றாளே, வேறு என்ன சொல்வாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் அம்மாவுக்குத் தெரியுமே. குற்றாலத்திலிருந்து ஓடிவருகிற வழியிலேயே கேட்டிருப்பாளே, எப்போ வந்தாய், ஏன் உடனே சொல்லவில்லை என்று, மதினி காரணத்தையும் சொல்லியிருப்பாளே. எல்லாம் தெரிந்துதான் வாசலில் வந்து நின்றாள், தெரிந்துதான் இத்தனை வருஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாதம்மா, என்னிடம் யாரும் சொல்லவில்லை மக்கா, என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என் கோபம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். தீர்ந்து, பிச்சம்மா மதினி மேல் போய் விழுந்திருக்கும். விட்டிருப்பேனா அவளை? பிள்ளையைக் கொன்றவள் என்று தெருவே தூற்றியிருக்கும், அந்த மாமியார் ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருக்க மாட்டாள், மறுநாள் விடிந்தால் கிணற்றில் மிதந்திருப்பாள், அது அம்மாவுக்குத் தெரியாதா… அப்படியானால் பசுவா மகளா என்று இல்லை, மதினியா மகளா என்று அம்மா பார்த்திருக்கிறாள். பார்த்து, என்னை விட்டுவிட்டாள். "மாரி" என்று முன்னால் நடக்கிற மதினி கூப்பிட்டாள், திரும்பாமலே கூப்பிட்டாள், "எம்மேல கோவமாட்டி?" கீழத்தெரு திருப்பத்தில் முருகம்மாள் வீட்டு விளக்கு தெரிந்தது, ஒரு அலறல் வந்து ஓய்ந்தது, உயிரோடுதான் இருக்கிறாள், நேரம் இருக்கிறது, நட, நட. மாரித்தாய் மரத்த கையை இடது கையால் உருவி உருவி விட்டுக்கொண்டே வேகமாக நடந்தாள். சொன்னால் நான் தாங்க மாட்டேன் என்று நினைத்துத்தான் அம்மா சொல்லவில்லையா, இல்லை, இவள் என் மகள், இவள் எதையும் தாங்குவாள் என்று நினைத்தாளா?